வேகமான ஃப்ரீரைடு ஸ்னோபோர்டை சிங்கப்பூரிலிருந்து ஜப்பான் பனிக்குக் கொண்டுபோகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

மார்ச் மாதக் கடைசி, ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவில் ஒரு மலை, நண்பகல். மர நிழலிலிருந்து வெயில் விழும் சரிவுக்குள் நுழைந்த நொடியில், யாரோ வாலைப் பிடித்து இழுத்ததுபோல என் ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் பலகை, நின்றுவிட்டது. நான் முன்பக்கமாகப் போய் விழுந்தேன். இடது மணிக்கட்டு சுளுக்கி, மீதி மூன்று நாளும் விடுதி அறையிலேயே போனது. கடையில் "இதைவிட வேகமான போர்டு கிடையாது" என்று சொல்லித் தந்த போர்டு அது.

அடுத்த வருடம் ஜனவரியில் அதே போர்டை வடக்கே ஹொக்கைடோ தீவில் உள்ள நிசேகோவுக்குக் கொண்டுபோனேன். முழங்கால் அளவுப் புதுப்பனியில் படகுபோல மிதந்தது. இரண்டு பயணத்துக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை பனிக்குப் போய், இரண்டு பக்கமும் திரும்பத் தெரிந்து, இனி சொந்தமாக ஒரு வேகமான போர்டு வேண்டும் என்று நினைக்கிற சிங்கப்பூர்வாசிகளுக்கு இது உதவும். இன்னும் விழுந்து எழுந்து பழகிக்கொண்டிருப்பவர்கள் இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஃப்ரீரைடு போர்டு விறைப்பானது; மெதுவாகப் போகும்போது திரும்ப மறுக்கும்.

ஃப்ரீரைடு போர்டு என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூக்கு, அதாவது முன்முனை, நீளமாகவும் அகலமாகவும் மேல்நோக்கி வளைந்தும் இருக்கும். வால் குறுகலாக இருக்கும். கால் வைக்கும் இடம் நடுவிலிருந்து சற்றுப் பின்னால் தள்ளியிருக்கும். ஒரே திசையில் போவதற்காகவே செய்தது. வேகமான போர்டுகளின் அடிப்பரப்பு பெரும்பாலும் 'சின்டர்டு' வகை. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதால் வேக்ஸை (வழுக்குவதற்காகப் பூசும் மெழுகை) நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். வேக்ஸ் இருக்கும்வரை பறக்கும், காய்ந்துபோனால் சாதாரண வாடகை போர்டைவிட மோசமாக இழுக்கும். நான் விழுந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

1. முதலில் மாதமும் மலையும், பிறகுதான் போர்டு

நாம் பனியைப் பார்ப்பதே வருடத்துக்கு ஒரு வாரம். அந்த ஒரு வாரம் எந்த மாதம், எந்த ஊர் என்று தெரியாமல் போர்டு வாங்கினால் பணம் வீண்.

ஜனவரி ஹொக்கைடோ என்றால் உலர்ந்த, லேசான பனி. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மலைமேல் கொட்டும். அகல மூக்கும் பின்தள்ளிய நிலையும் உள்ள போர்டுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஹக்குபா, யுசாவா போன்ற ஹோன்ஷு மலைகளிலும் நிறையப் பனி விழும், ஆனால் பொதுவாகச் சற்றுக் கனமாக இருக்கும். மார்ச் பாதிக்குமேல் பகலில் இளகி, இரவில் இறுகிவிடும். அந்தச் சமயத்தில் போகிறவர்கள் மூக்கின் அகலத்தைவிட அடிப்பரப்பையும் எட்ஜையும்தான் (ஓரத்து இரும்பு விளிம்பு) கவனிக்க வேண்டும்.

நல்ல பனி விழும் ஜனவரி நடுவில்தான் நமக்குப் பொங்கலும் வருகிறது. நான் பொங்கலன்று வீட்டில் இருந்துவிட்டு மறுநாள் இரவு கிளம்புவேன். சீனப் புத்தாண்டு வாரத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். டிக்கெட்டும் அறையும் விலை ஏறிவிடும், மலைமேல் ஏற்றும் லிஃப்ட் வரிசையும் நீளும். மார்ச் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்கிற குடும்பங்கள் ஹோன்ஷுவைவிட ஹொக்கைடோவைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. வடக்கே குளிர் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும்.

2. வாங்குமுன் இரண்டு நாள் வாடகைக்கு ஓட்டிப் பாருங்கள்

புது ஃப்ரீரைடு போர்டு ஒன்று பெரும்பாலும் 700 முதல் 1,200 சிங்கப்பூர் வெள்ளி. பைண்டிங் (பூட்ஸைப் போர்டோடு பூட்டும் பிடி) தனி, பூட்ஸ் தனி. வருடத்துக்கு ஐந்தாறு நாள் மட்டும் ஓட்டுகிறவருக்கு வாடகையே லாபம் என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன். நிசேகோ, ஹக்குபா போன்ற பெரிய இடங்களில் சாதாரண வாடகை போர்டு தவிர, உயர்ரகப் போர்டுகளை 'டெமோ' என்று தனியாக வைத்திருக்கிறார்கள். கட்டணம் கொஞ்சம் கூடுதல். அதில் இரண்டு நாள் ஓட்டுங்கள். காலையில் புதுப்பனி, மதியம் கலைந்த பனி, இரண்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பூட்ஸை மட்டும் முதலிலேயே சொந்தமாக வாங்குங்கள். பிறர் கால் பழகிய பூட்ஸில் குதிகால் தூக்கிக்கொண்டால், எந்த போர்டும் சொன்னபடி கேட்காது.

அளவு பார்க்கும்போது உயரத்தைவிட எடைதான் முக்கியம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 156 முதல் 160 சென்டிமீட்டர் பொருந்தும். நான் வாங்கியது 164. தள்ளுபடியில் அந்த அளவுதான் மிச்சமிருந்தது, ஆசையை அடக்க முடியவில்லை. மரங்களுக்கு நடுவே அதைத் திருப்ப நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. விலை குறைந்திருக்கிறது என்பதற்காக அளவை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அகலத்தையும் பாருங்கள். பூட்ஸ் அளவு யுஎஸ் 10-க்குமேல் என்றால், அகலமான மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். சாய்ந்து திரும்பும்போது கால்விரல் பனியில் உரசினால் அந்த இடத்திலேயே விழுவீர்கள். பைண்டிங் தட்டின் ஓட்டைகள் போர்டின் ஓட்டைகளோடு ஒத்துப்போகிறதா என்பதையும் வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சில போர்டுகளில் நான்கு நான்கு துளைகளாகவும், சிலவற்றில் ஒரே நீளப் பள்ளமாகவும் இருக்கும்.

3. எங்கே வாங்கினாலும் வரியைக் கணக்கில் சேருங்கள்

வெளிநாட்டுக் கடையில் இணையம்வழி வாங்கினால், 400 வெள்ளிக்குமேல் மதிப்புள்ள பொருளுக்கு சிங்கப்பூருக்குள் வரும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும். அது போர்டு விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு. கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் போடும். திரையில் 800 வெள்ளி என்று தெரிந்த போர்டு வீட்டு வாசலுக்கு வரும்போது 1,000 வெள்ளியை நெருங்கிவிடும்.

ஜப்பானிலேயே வாங்கலாம். தோக்கியோவில் ஜிம்போச்சோ, ஒகாவாமாச்சி பக்கம் யசுகுனி சாலையில் பனிச்சறுக்குக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சுற்றுப்பயணிகளுக்கு அங்கே 10 விழுக்காடு விற்பனை வரி விலக்கு உண்டு. ஒரே கடையில் ஒரே நாளில் 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்க வேண்டும், கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: முதலில் வரியோடு பணம் கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது திரும்பப் பெற வேண்டும்.

அங்கே வரி இல்லை என்று நிம்மதியாகச் சாங்கிக்கு வந்து இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்திருந்தால் 500 வெள்ளி வரை ஜிஎஸ்டி விலக்கு. அதற்குமேல் உள்ள மதிப்புக்கு 9 விழுக்காடு. வேலை அனுமதி, இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்), சார்ந்திருப்போர் அனுமதி, நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்த விலக்கு கிடையாது, முதல் வெள்ளியிலிருந்தே வரி. சுங்கத்துறையின் செயலியிலேயே முன்கூட்டி அறிவித்துப் பணம் கட்டிவிடலாம். ரசீதைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய போர்டோடு திரும்பி வரும்போதும் அந்த ரசீதைக் காட்டினால் பேச்சு வளராது.

4. கிளம்பும் முன் வீட்டிலேயே வேக்ஸ் போடுங்கள்

போர்டு வழுக்குவது அடிப்பரப்புக்கும் பனிக்கும் நடுவே உண்டாகும் மெல்லிய நீர்ப்படலத்தால். கடுங்குளிரில் அந்தப் படலம் போதாது. பனிப் படிகங்கள் ஊசிபோல அடியைப் பிராண்டும். வெப்பம் பூஜ்யத்தை நெருங்கினால் தண்ணீர் அதிகமாகிவிடும். ஈரமான இரண்டு எவர்சில்வர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிக்கவே முடியாதபடி ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அதேபோலத்தான் போர்டும் பனியோடு ஒட்டும். அதனால்தான் குளிருக்குக் கடினமான வேக்ஸ், ஈரப் பனிக்கு மென்மையான வேக்ஸ் என்று பிரித்து விற்கிறார்கள். உறையிலேயே எத்தனை டிகிரிக்கு என்று எழுதியிருக்கும்.

எல்லாப் பனிக்கும் ஆகும் பொது வேக்ஸ் ஒரு கட்டி, நீங்கள் போகும் மாதத்துக்கு ஏற்ற வேக்ஸ் ஒரு கட்டி, இந்த இரண்டும் போதும். தரையில் பழைய தமிழ் முரசு தாள்களை விரித்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வேக்ஸ் கட்டியை வேக்ஸுக்கென்றே விற்கும் அயனில் வைத்து உருக்கிச் சொட்டுச் சொட்டாக அடிப்பரப்பில் விடுங்கள். அயனை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மூக்கிலிருந்து வால்வரை நகர்த்திக்கொண்டே இருங்கள். புகை வந்தால் சூடு அதிகம், உடனே குறைத்துவிடுங்கள். நன்றாக ஆறியதும் பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டி, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். வேக்ஸ் மேலே தங்கியிருந்தால் வேகம் வராது, துளைக்குள் இறங்கியதுதான் வேலை செய்யும். துணி தேய்க்கும் அயன் வேண்டாம். அதன் சூடு ஏறி இறங்கும், ஆவித் துளைகளில் வேக்ஸ் அடைத்துக்கொள்ளும்.

"அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம்" என்று சிங்கப்பூர் வேக்ஸ் அயனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், ஜப்பானில் 100. பிளக்கை மாற்றும் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. ஐந்தில் ஒரு பங்குகூடச் சூடு வராது. விடுதியின் உலர்த்தும் அறையில் அரை மணி நேரம் வேக்ஸ் கட்டியை அயன்மேல் வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். ஒரு சொட்டுகூட உருகவில்லை. மலையடிவாரக் கடைகளில் வேக்ஸ் போட்டுத் தருவார்கள். காலையில் கூட்டமாக இருக்கும், அதனால் முந்தின நாள் மாலையே கொடுத்துவிடுங்கள்.

5. ஆவணங்கள், பை, விமானம்

சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு ஜப்பானில் 90 நாள்வரை விசா வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு என்றால், சிங்கப்பூரில் நிரந்தரவாசியாகவே இருந்தாலும் விசா எடுத்தாக வேண்டும். டிசம்பரில் கூட்டம் அதிகம், பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். குடிநுழைவு, சுங்க விவரங்களை 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் நிரப்பி, கியூஆர் குறியீட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் அங்கே வரிசை குறையும்.

போர்டு, பைண்டிங், பூட்ஸ், பை எல்லாம் சேர்த்து 10 அல்லது 11 கிலோ வரும். மிச்ச எடையில் ஜாக்கெட்டுகளைப் போர்டைச் சுற்றிச் சுருட்டி வையுங்கள், அதுவே நல்ல மெத்தை. மலிவுக் கட்டண விமானங்களில் விளையாட்டுச் சாமான்களுக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும், முகப்பில் கட்டினால் செலவு மிக அதிகம். தோக்கியோவில் உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள் அந்த இரண்டாவது டிக்கெட்டின் எடை வரம்பைத் தனியாகப் பாருங்கள். ஒரே டிக்கெட்டாக வாங்காவிட்டால் அது குறைவாகவே இருக்கும்.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 3-ஆம் எண், ஒன்றை, கையில் கொண்டுபோகாமல் விமானத்தில் ஏற்றக் கொடுக்கும் பையில் வையுங்கள். அடிப்பரப்பைத் துடைக்கும் திரவங்களில் தீப்பற்றும் வகை உண்டு, அதை விமானத்தில் ஏற்றவே கூடாது. சாங்கிக்குப் போக கிராப் எடுப்பதானால் ஆறு பேர் வண்டியாகப் பதியுங்கள். 160 சென்டிமீட்டர்ப் பை சாதாரணக் காரில் ஏறாது. ஜப்பானில் இறங்கியதும் போர்டுப் பையை விமான நிலையத்திலிருந்தே விடுதிக்கு அனுப்பும் 'தக்கியூபின்' சேவை இருக்கிறது. கைக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோதான் வரும். முதல் நாளே ஓட்ட வேண்டும் என்றால் கையோடு கொண்டுபோங்கள். நியூ சிட்டோஸே விமான நிலையத்திலிருந்து நிசேகோவுக்குப் பேருந்தில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம்.

6. எந்தப் பனியில் போர்டு எப்படி நடந்துகொள்ளும்

புதுப்பனி. பைண்டிங்கை வழக்கமான இடத்திலிருந்து ஓரிரு துளை பின்னால் தள்ளிப் பூட்டுங்கள். மூக்கு தானாக மேலே வரும், பின்னங்காலில் முழு எடையையும் போட்டு நாள் முழுக்க வலியோடு ஓட்டத் தேவையிருக்காது. இங்கே வேகம்தான் மிதக்க வைக்கும். பயந்து மெதுவாகப் போனால் மூழ்குவீர்கள், மூழ்கிய இடத்திலிருந்து எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆகும். சமதளமான இணைப்புப் பாதைகள் வரும்போது முன்னால் ஆள் இல்லையென்றால் வேகத்தைக் குறைக்காமல் போங்கள். மற்றவர்கள் ஒரு காலைக் கழற்றி உந்திக்கொண்டு வரும் இடத்தில் நல்ல வேக்ஸ் போட்ட போர்டு நழுவிக்கொண்டே கடந்துவிடும்.

கலைந்த பனி. காலை பத்து மணிக்குமேல் புதுப்பனியை எல்லோரும் உழுதுவிடுவார்கள், மேடும் குழியுமாகக் கிடக்கும். விறைப்பான போர்டின் அருமை எனக்குத் தெரிந்தது இங்கேதான். மென்மையான போர்டு ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும், இது வெட்டிக்கொண்டு போகும். ஆனால் பின்னால் சாய்ந்தே ஓட்டினால் வால் நழுவிவிடும். எடையை நடுவுக்குக் கொண்டு வாருங்கள், முழங்காலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் சீராக்கிய சரிவு. காலையில் முதல் லிஃப்ட்டில் ஏறினால் கோலமாவைக் கம்பியால் கீறியதுபோல வரிவரியாக இருக்கும். போர்டு உச்ச வேகத்தில் போவது இங்கேதான், ஆபத்தும் இங்கேதான். நீண்ட எட்ஜ் பெரிய வளைவுகளையே விரும்பும், கூட்டமான சரிவில் அதற்கு இடம் இருக்காது. 'மெதுவாக' என்று பலகை வைத்த இடங்களில் பறந்தால் லிஃப்ட் பாஸைப் பறித்துவிடுவார்கள். நிசேகோவில் நான்கு மலைப்பகுதிக்கும் சேர்ந்த ஒரு நாள் பாஸ் 10,000 யென்னைத் தாண்டிவிட்டது, இழந்தால் வலிக்கும்.

இறுகிய பனி. காற்றடித்த உச்சியிலும், முந்தின நாள் இளகி இரவில் உறைந்த சரிவிலும் இது கிடைக்கும். போர்டு கடகடவென்று சத்தம் போடும். எட்ஜ் கூர்மையாக இருந்தால் ஃப்ரீரைடு போர்டு கத்திபோலப் பிடிக்கும், மழுங்கியிருந்தால் அதே விறைப்பு உங்களைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். நகத்தை எட்ஜில் லேசாக உரசிப் பாருங்கள். நகத்தூள் வந்தால் கூர்மை இருக்கிறது. வராவிட்டால் கடையில் கொடுத்துத் தீட்டுங்கள்.

மேலோடு படிந்த பனி. மேலே மெல்லிய ஓடு, கீழே மென்பனி. போர்டு மேலோட்டை உடைத்து உள்ளே போய் எதிர்பாராத பக்கம் இழுக்கும். இதில் எந்த போர்டும் உதவாது. சீராக்கிய சரிவுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஈரப் பனி. நான் விழுந்த பனி. நிழலில் பனி குளிர்ந்து வேகமாக இருக்கும், வெயிலில் தண்ணீர் ஊறி நிற்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டில்தான் போர்டு திடீரென்று பிடிக்கும். மென்மையான வேக்ஸ் போட்டிருக்க வேண்டும். அடிப்பரப்பில் மெல்லிய வரிகள் கீறியிருந்தால் தண்ணீர் வடிந்து ஒட்டுதல் குறையும், கடைகளில் கேட்டால் செய்து தருவார்கள். நிழல் முடியும் இடத்தைத் தூரத்திலேயே பார்த்து, அங்கே போகுமுன் எடையைக் கொஞ்சம் பின்காலுக்கு மாற்றுங்கள். பகல் பன்னிரண்டுக்குமேல் சமதளப் பாதைகளைத் தவிர்த்து, செங்குத்தான சரிவுகளில் மட்டும் ஓட்டுங்கள். வசந்தகாலத்தில் காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரைதான் நல்ல நேரம் என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

7. காப்பீடும் கயிறும்

பயணக் காப்பீடு வாங்கும்போது 'குளிர்கால விளையாட்டு உண்டு' என்ற வரியோடு நிறுத்தாமல், குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே போனால் பணம் தருவார்களா என்று பாருங்கள். பல திட்டங்கள் தருவதில்லை. ஃப்ரீரைடு போர்டு வாங்குகிறவர்கள் வெளியே போகவே ஆசைப்படுகிறோம், அதனால் இந்த ஒரு வரி முக்கியம். எழுத்தில் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிசேகோவில் வெளிப்பகுதிக்குப் போகக் கதவுகள் இருக்கின்றன, பாதுகாப்பாக இருக்கும்போது மட்டும் திறப்பார்கள். எல்லையாகக் கட்டிய கயிற்றுக்கு அடியில் நுழைவது விதிமீறல். எல்லைக்கு வெளியே தேடுதல், மீட்புச் செலவு உங்கள் தலையில்தான் விழும். மரங்களின் அடியில் பனி சேராமல் ஆழ்குழி உண்டாகும், தலைகீழாக விழுந்தால் தனியாக எழ முடியாது. துணையில்லாமல் மரங்களுக்குள் போகாதீர்கள். கதவைத் தாண்டுவதானால் பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவி, மண்வாரி, குத்துக்கோல் மூன்றும், பயன்படுத்தத் தெரிந்த வழிகாட்டியும் வேண்டும்.

8. திரும்பி வந்த அன்றே செய்ய வேண்டியது

முதல் பயணம் முடிந்து பையைத் திறக்காமலேயே வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பிரித்தால், எட்ஜ் முழுக்க ஆரஞ்சு நிறம். விரலால் தொட்டபோது மஞ்சள் தடவியதுபோல ஒட்டியது. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இரும்பு எட்ஜ் ஒரு வாரம்கூடத் தாங்காது.

வீட்டுக்கு வந்த இரவே பையைத் திறந்து, போர்டைத் துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே நிறுத்துங்கள். லேசான துரு வந்திருந்தால் எட்ஜ் தேய்க்கும் ரப்பர்க் கல்லால் தேய்த்தால் போய்விடும். அப்புறம் பொது வேக்ஸைத் தடிமனாகப் போட்டு, எட்ஜையும் மூடும்படி வழியவிட்டு, சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் சுரண்டினால் போதும். பைண்டிங் திருகுகளைத் தளர்த்தி வையுங்கள்.

வீவக வீட்டில் பலர் பாம் ஷெல்டரில்தான் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறை) நிறுத்துகிறார்கள். கதவு மூடியே கிடப்பதால் அங்கே காற்றோட்டம் குறைவு. நான் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் நிற்கவைத்து, பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை டப்பாவில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதியது வைக்கிறேன். பூட்ஸையும் பையில் அடைக்காதீர்கள். ஈரத்தில் அடிப்பாகத்தின் நுரை உள்ளேயே மக்கி, ஒருநாள் மலையில் நடக்கும்போது பிட்டுபோல உதிர்ந்துவிடும். உள்பூட்ஸைக் கழற்றித் தனியாகக் காயவைத்து, செய்தித்தாளை உருட்டி உள்ளே திணித்து, அதே அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.